இன்னும் ஆள் இரிக்கா?

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் கையால் அதை ஒருமுறை எழுதியிருக்கிறேன், பொலிசுக்குக் கொடுத்த கடிதம் ஒன்றில். அது போதும். தீவில் எல்லோரும் அவரை ஓட்டி நானா, ஓட்டி அண்ணன், என்றுதான் அழைத்தார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன்.

இலங்கையின் மேற்குக் கரையில், கற்பிட்டிக்கும் எங்கள் தீவுக்கும் நடுவில் களப்பு, கடல் உள்ளே புகுந்து நிற்கும் நீர்ப்பரப்பு. உச்சமுனைக்குப் படகில் போகிறவர்கள் எங்கள் தீவைக் கடந்துதான் போயிருப்பார்கள். ஒரு பள்ளிவாசல், ஒரு மாதா கோயில், கருவாடு காயவைக்கும் வாடிக் கொட்டில்கள், கொஞ்சம் வீடுகள், ஓர் இறங்குதுறை. நாளைக்கு இரண்டு தடவை கற்பிட்டிக்குப் பயணிகள் படகு போய்வரும். அந்தப் படகின் ஓட்டிதான் அவர். நான் தீவின் கிராம உத்தியோகத்தர். பழைய வழக்கப்படி சனம் என்னை விதானை என்று கூப்பிடும்.

மற்ற ஓட்டிகள் எஞ்சின் கயிற்றை இழுக்கும்போது கடலைப் பார்ப்பார்கள். இவர் கரையைப் பார்த்துக்கொண்டு இழுப்பார். இழுப்பதற்கு முன் ஒரு கையைக் காதின் பின்னால் குவித்து மூன்று முறை கூப்பிடுவார்.

"இன்னும் ஆள் இரிக்கா?"

முதல் தடவை துறையைப் பார்த்து. இரண்டாவது தடவை பள்ளிவாசல் பாதையைப் பார்த்து. மூன்றாவது தடவை வாடிகளின் பக்கம். மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால்தான் கயிற்றில் கை வைப்பார். துறையில் ஒரு குருவிகூட இல்லாத நாளிலும் இது தவறாது. படகில் இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"ஓட்டி நானா, நண்டுதான் இரிக்கி, எடுங்க போட்ட!"

"நண்டு கைய காட்டிச்செண்டா அதையும் ஏத்துவேன். டிக்கட்டுத்தான் எப்பிடி வாங்குற எண்டு விளங்கல்ல."

ஒருநாள் களப்பின் நடுவில் படகைத் திருப்பிவிட்டார். கரையில் யாரோ துணியை வீசிக் கூப்பிடுகிறார்கள் என்றார். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும், கிளினிக்குக்குப் போக வேண்டியவர்களும் அவரை ஏசினார்கள். நானும் ஏசினேன், பிரதேச செயலகத்தில் எனக்குக் கூட்டம் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் வேலியில் காயப்போட்ட சாரம் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் இறங்கிப்போய் அந்தச் சாரத்தை எடுத்து, மடித்து, வீட்டுக்காரியிடம் கொடுத்தார். "லாத்தா, இத வீட்டுக்குப் பின்னால காயப்போடுங்க. இங்க போட்டா எனக்குப் போக ஏலாது," என்றார். வந்து ஏறி, மறுபடியும் மூன்று முறை கூப்பிட்டார். மறுபடியும் முதலிலிருந்து! நான் அன்று கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் எங்கள் தீவில் பிறந்தவர் அல்ல. வடக்கிலிருந்து முஸ்லிம் சனம் விரட்டப்பட்டு, கையில் கிடைத்ததோடு கடலால் வந்து சேர்ந்த காலத்தில் வந்தவர். அவருடைய உறவினர் பலர் கரைத்தீவுப் பக்கம் குடியேற, இவர் மட்டும் எங்கள் தீவுக்கு வந்தார். ஏன் இப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"அண்டைக்கி எங்கள விட்டுட்டு ஒரு வள்ளம் போயிட்டு. எடமில்ல எண்டானுகள். பொறகு அதே வள்ளம் திரும்பி வந்திச்சி. ஏன் வந்தான் எண்டு அந்த ஓட்டிக்கிட்ட நான் கேக்கவும் இல்ல, அவன் சொல்லவும் இல்ல."

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தீவைச் சேர்ந்த ஒருவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், இந்தியக் கரையிலிருந்து பீடி இலை கடத்திவந்த படகில் கூலிக்குப் போய்ப் பிடிபட்டான். அவனோடு இன்னும் நான்கு பேர். மூட்டைகளில் வேறு சாமானும் வந்திருக்கும் என்று பொலிஸ் சந்தேகப்பட்டது, கிடைக்கவில்லை. சில மாதம் மறியல் சிறையில் இருந்துவிட்டுப் பிணையில் வந்தான். நீதிமன்றம் இரண்டு நிபந்தனை போட்டிருந்தது. ஒன்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் கற்பிட்டியில் பொலிஸ் நிலையத்துக்கு வந்து கையெழுத்திட வேண்டும். ஒரு ஞாயிறு தவறினாலும் பிணை போய்விடும். வழக்கு முடியும்வரை திரும்ப மறியல். இரண்டு, வழக்கின் மற்ற நான்கு சந்தேகநபர்களோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது.

நான்கு பேர். அவ்வளவுதான் அந்தக் கடதாசியில் இருந்தது. அது சிங்களத்தில் இருந்தது. தீவில் சிங்களம் பேசுகிறவர்கள் நிறைய. சட்டச் சிங்களத்தை வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடியவன் நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது.

அப்போது இருந்த பொலிஸ் பொறுப்பதிகாரி என்னைக் கூப்பிட்டார். "விதானை, நான்கு பேர் என்று எழுதினால் நாளைக்கு ஐந்தாவது ஆள் முளைப்பான். அந்தத் தீவு முழுக்கவே ஒருவருக்கொருவர் சொந்தம். யாரும் அவனோடு சேரக் கூடாது என்று தமிழில் எழுதித் துறையில் ஒட்டும். மீறினவர்களின் பெயரை எனக்குத் தாரும்," என்றார். அப்படி எழுத அவருக்கோ எனக்கோ அதிகாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய மேசையில் இன்னொரு கோப்பும் இருந்தது. என் மகன் கட்டாருக்குப் போவதற்கான பொலிஸ் நற்சான்றிதழ் அது. அவர் அதைத் தொட்டுப் பேசவில்லை. நான்தான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் கையெழுத்து அழகானது. அறிவித்தலை மையால் எழுதி, துறையிலிருந்த பலகையில் ஒட்டினேன். சனம் கூடியது. ஓட்டி நானாவுக்கு வாசிக்கத் தெரியாது.

"விதானை, என்ன சொல்லுது கடதாசி?"

வாசித்தேன்.

"ஆரும் எண்டா? நானுமா?"

"எல்லாரும்தான் நானா."

"கோட்டுல குடுத்த கடதாசி ஒங்கட கையில இரிக்கிதானே. அதுலயும் இப்பிடித்தான் இரிக்கா? ஆரும் எண்டு?"

அவர் என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஓம்," என்றேன்.

நான் படித்தவன். முப்பது வருடம் எத்தனையோ கடதாசிகளில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். என் வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய பொய் அந்த ஒரு சொல்தான்.

"அப்ப ஞாயித்துக்கிழம அவன் கையெழுத்துப் போடப் போகணும் எண்டு இரிக்கே. அதுவும் உண்மதானே?"

"ஓம்."

"எப்பிடிப் போற? களப்புல நடந்தா?"

சிலர் சிரித்தார்கள். "அது அவன் பாடு," என்றேன்.

"போட் ஓட்டுற என்ட பாடு விதானை," என்றுவிட்டு அவர் போய்விட்டார்.

அந்த வாரம் தீவு மாறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். கடைக்காரர் அவனுடைய மனைவிக்குக் கொடுக்க வேண்டிய பாண் ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் பள்ளிவாசலில் ஸலாம் சொன்னான். பதில் சொல்வது கடமை என்று தெரிந்தவர்கள், பதிலை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்கள். இமாம்கூட அப்படித்தான். நானும் அங்கே இருந்தேன்.

ஞாயிறு காலை அவன் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு துறைக்கு வந்தான். படகில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் ஏறியிருந்தார்கள். அவன் ஏறவில்லை, பலகையின் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான். ஓட்டி நானா காதில் கை வைத்துக் கூப்பிட்டார்.

"இன்னும் ஆள் இரிக்கா?"

அவன் பேசவில்லை. இரண்டாவது முறையும் பேசவில்லை. மூன்றாவது முறை அவர் பள்ளிவாசலையும் பார்க்கவில்லை, வாடியையும் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக் கூப்பிட்டார். "ஓம் மாமா," என்றான்.

"அப்ப என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க தம்பி. ஏறுங்க."

படகில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். மீன் கூடை வைத்திருந்த ஒரு பெண் சத்தம் போட்டாள். "ஓட்டி நானா, எங்களையும் பொலிசுக்குக் கொண்டு போகவா பாக்கிறீங்க?"

"ஒங்கள சந்தைக்கிக் கொண்டு போறேன். இவர பொலிசுக்குக் கொண்டு போறேன். ரெண்டும் கற்பிட்டியிலதான் இரிக்கி."

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒருவர் மிச்சமில்லாமல் இறங்கினார்கள். அவர் கோபப்படவில்லை. "சரி. இவர விட்டுட்டு வாறேன். அதுவரைக்கும் நெழல்ல இரிங்க," என்றார். அவ்வளவு பெரிய படகில் ஒரே ஒருவனை ஏற்றிக்கொண்டு போய், திரும்பி வந்து மற்றவர்களை ஏற்றினார். கையெழுத்து முடிந்தவனைத் திரும்பக் கொண்டுவரவும் அப்படியே செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மடங்கு ஓட்டம்.

நான் ஒருநாள் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "நானா, அவன் நல்லவன் எண்டு நினைச்சா இதச் செய்றீங்க? அவன் செய்தவன்தான்."

"செஞ்சானா இல்லையா எண்டு பாக்கிற கோட்டுட வேல. கரையில நிக்கிறானா இல்லையா எண்டு பாக்கிற என்ட வேல."

அவன் செய்தவன்தான். பின்னர் வழக்கில் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒத்திவைத்த சிறைத்தண்டனை பெற்றான். அது ஓட்டி நானாவுக்கு எந்த வித்தியாசத்தையும் ஏற்படுத்தவில்லை என்பதற்காக இங்கே சொல்கிறேன்.

பொறுப்பதிகாரி பெயர் கேட்டார். நான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வரிக் கடிதம், ஒரே ஒரு பெயர். வாசித்துவிட்டு, "நல்ல கையெழுத்து," என்றார். அடுத்த வாரம் ஓட்டி நானாவின் பயணிகள் சேவை அனுமதி நிறுத்தப்பட்டது. படகைக் கற்பிட்டி ஜெட்டியில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். அதே வாரம் என் மகனின் நற்சான்றிதழும் வந்தது.

வேறொருவருடைய படகு பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அந்தப் படகுக்காரர் அவனை ஏற்றமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு சுபஹு என்னும் அதிகாலைத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்த நான், ஜன்னலால் பார்த்தேன். ஓட்டி நானா ஒரு பழைய வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார். கையில் மரக்கோல். வள்ளத்தில் அவன், வெள்ளைச் சேட்டோடு. எங்கள் களப்பு ஆழமில்லாதது. கோலை அடியில் ஊன்றித் தள்ளித் தள்ளிப் போகலாம். ஆனால் அது சோளகக் காற்றுக் காலம். தெற்கே கற்பிட்டிக்குப் போக முழுதும் எதிர்க்காற்று. அறுபதைத் தாண்டிய மனிதர். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் காதில் கை வைத்து மூன்று முறை கூப்பிட்டார். அந்த நேரத்தில் துறைப் பக்கம் வேறு யாரும் இல்லை. கேட்டவன் நான் மட்டும். ஜன்னலை மூடிவிட்டேன்.

போய்ச் சேர மூன்று மணித்தியாலம் பிடித்தது என்று கேள்விப்பட்டேன். வரும்போது பாயை விரித்தால் போதும், காற்றே கொண்டுவந்துவிடும். ஆலங்குடாப் பக்கம் பட்டங்களைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கும் வெளிநாட்டுக்காரர்களை அவர் கண்டிருந்தார். "வெள்ளக்காரன் காசு குடுத்துப் புடிக்கிற காத்து எங்களுக்குச் சும்மா கெடக்கி," என்று துறையில் சிரித்தாராம். உள்ளங்கை இரண்டும் வெடித்துத் துணி சுற்றியிருந்ததைப் பிறகு நானே பார்த்தேன்.

வேலை செய்துவந்த படகு சங்கிலியில். நாளாந்த வருமானம் இல்லை. அவன் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

எங்கள் தீவைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வது இனி வரும் பகுதியைத்தான். வள்ளத்தில் போகத் தொடங்கிய நான்காவதோ ஐந்தாவதோ ஞாயிறு, அதிகாலையில் அவர் மூன்றாவது முறை கூப்பிட்டபோது, மாதா கோயில் பாதையிலிருந்து ஒரு பதில் வந்தது. "இரிக்கேன், இரிக்கேன்! கத்தாதீங்க, ஊரே எழும்பப் போகுது." முதல் ஞாயிறு படகில் சத்தம் போட்ட அதே மீன் கூடைக்காரி. கூடையை வள்ளத்தில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"அக்கா, பலகையில இரிக்கிற கடதாசி தெரியுந்தானே?" என்று அவன் கேட்டானாம். அந்த வாரங்களில் அவன் மனைவிக்கும் ஓட்டி நானாவுக்கும் அப்பால் ஒருவரோடு பேசிய முதல் பேச்சு அது.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுடா. அது விதானைட பாடு. தள்ளி இரி, கூட நனையுது."

அடுத்த வாரம் மூன்று பேர். அதற்கடுத்த வாரம் இமாம் வந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி அவனுக்கு ஸலாம் சொல்லிவிட்டு ஏறினார். புதுப் படகு அரைவாசி வெறுமையாகப் போக, வள்ளத்தில் இடமில்லாமல் போனது. எதிர்க்காற்றில் ஆண்கள் முறை வைத்துக் கோல் ஊன்றினார்கள். பொலிஸ் தங்களையும் கூப்பிடும் என்று நம்பிக்கொண்டுதான் அத்தனை பேரும் ஏறினார்கள். கடதாசியில் அப்படி இல்லை என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் ஏறவில்லை.

பொலிஸ் பொறுக்கவில்லை. அவன் ஊரைக் கூட்டிக்கொண்டு திரிகிறான், பிணையை ரத்துச் செய்ய வேண்டும் என்று புத்தளம் நீதிமன்றத்தில் மனுப் போட்டது. ஓட்டி நானாவுக்கும் அழைப்பு. என்னையும் வரச் சொன்னார்கள். நான் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன்.

நீதவான் கோப்பைப் புரட்டி, நிபந்தனையை வாசித்தார். பிறகு பொலிசைப் பார்த்தார். "இதில் நான்கு பேரின் பெயர்தான் இருக்கிறது. இந்தப் படகோட்டி அந்த நான்கு பேரில் ஒருவரா?" இல்லை என்றார்கள். "ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டு, வருகிற வழியை யார் அடைத்தது?"

மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லச் சொல்ல ஓட்டி நானாவின் முகத்தை நான் பார்த்தேன். நான்கு பேர் என்ற சொல் வந்ததும் அவருடைய தலை மெதுவாக நிமிர்ந்தது. விளங்கிவிட்டது.

நீதவான் கேட்டார்: "யாரும் அவரோடு சேரக் கூடாது என்று உமக்குச் சொன்னது யார்?"

என் பெயரைச் சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை. அவர் திரும்பிக் கடைசி வாங்கைப் பார்க்கவும் இல்லை.

"கரையில கதைச்சாங்க ஐயா," என்றார்.

"யார்?"

"கரையில கன பேர் கதைப்பாங்க ஐயா. நான் எஞ்சின் சத்தத்துல இரிக்கிறவன்."

மனு தள்ளுபடியானது. படகை விடுவிக்கும்படி உத்தரவு. அன்று பின்னேரமே சங்கிலியைக் கழற்றினார்கள்.

தீவுச் சனம் பாதிப் பேர் ஜெட்டிக்கு வந்திருந்தார்கள். நான் ஐஸ் வாடியின் பின்பக்கம், யார் கண்ணிலும் படாமல் நின்றேன். அன்றிரவு கற்பிட்டியில் தங்கிவிட்டு, மறுநாள் வேறு படகில் போய், இடமாற்றத்துக்கு எழுதுவது என்று முடிவுசெய்திருந்தேன். படகு நிறைந்தது. அவர் எழுந்து, காதில் கை வைத்துக் கூப்பிட்டார்.

"இன்னும் ஆள் இரிக்கா?"

மூன்று முறையும் கேட்டேன். மூன்றாவது முடிந்ததும் எஞ்சின் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மீன் கூடைக்காரியின் குரல் கேட்டது: "என்ன ஓட்டி நானா, மூணும் முடிஞ்சிட்டே. எடுங்களன்."

"கொஞ்சம் இரி புள்ள."

பிறகு அவர் நான்காவது முறை கூப்பிட்டார். நான் அறிந்த அத்தனை வருடத்தில் அவர் நான்காவது முறை கூப்பிட்டது அன்று மட்டும்தான்.

நான் வாடியின் பின்னாலிருந்து வெளியே வந்தேன். "ஓம்," என்றேன். அதே சொல்தான். இந்தத் தடவை உண்மையாக இருந்தது.

படகில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது, அவனுக்குப் பக்கத்தில். அவன் நகர்ந்து வழிவிட்டான். நான் உட்கார்ந்தேன். எங்கள் தோள்கள் முட்டிக்கொண்டன. காற்றில் அலை அடித்துத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"நானா, அந்தக் கடதாசி..." என்று தொடங்கினேன்.

"விதானை, தண்ணி ஏறுது," என்றார் அவர், கரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலடியில டின் இரிக்கி. எடுத்து எறைங்க."

தீவு வரும்வரை நான் இறைத்துக்கொண்டே போனேன்.